எட்டு இருந்த இடம்

எட்டை மூன்றாக்கினாள். அவ்வளவுதான் வேலை. திரை நிறைய எறும்புச் சாரி மாதிரி ஓடும் எண்களுக்குள் அந்த எட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத்தான் நேரமாயிற்று. மாற்றுவதற்கு ஒரு விசை போதும்.

"அம்மா, கார் வந்தாச்சு."

மகள் கூடத்தில் இருந்து கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் சளி பிடித்த மாதிரி ஆகியிருந்தது.

"வரேன்."

"உள்ள என்னதான் பண்றே? சித்தப்பா திரும்பத் திரும்ப போன் பண்றாரு. போட்டோ எங்கேங்கறாரு."

"அதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

மாற்றியதைச் சேமித்தாள். அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த செக்சத்தை, அந்தச் சரிபார்ப்பு எண்ணை, மட்டும் தொடவில்லை. அதையும் புது எண்ணுக்குத் தகுந்தாற்போல் திருத்தியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அது ஏமாற்று வேலை. தொடாமல் விட்டால் அதற்குப் பேர் சோதனை. வேலையில் இருந்தவரை அவள் சம்பளம் வாங்கியது அந்த வேலைக்குத்தான்.

கறுப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். புத்தகக்கட்டு அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு டிஸ்க்கு. குடும்பத்தின் எல்லாப் படமும் அதில்தான். கணவர் தானே எழுதிய ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்ததால் வேறு எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்காது. "நான் செத்தா என்னை எழுப்பித்தான் இதைத் திறக்கணும்" என்று சிரிப்பார்.

மேசையடியில் அவருடைய நாற்காலி பாதி வெளியே இழுத்தபடி நின்றது. அவள் அதை உள்ளே தள்ளவில்லை.

காலையில் கொழுந்தன் போனில் பேசியது காதிலேயே நின்றது.

"அண்ணி, ஆஸ்பத்திரிப் படம் எதுவும் வேண்டாம். மூக்குல குழாயோட பாக்கறதுக்கா அத்தனை பேரும் வராங்க? அந்தக் கம்பெனிப் பெட்டி வெளியீட்டு நாள் படம் இருக்குமே. அண்ணன் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு, நான் தோள்ல கை போட்டிருப்பேன். என்னை வெட்டிட்டு அண்ணனை மட்டும் போட்டுடலாம்."

"உங்களை வெட்டிடலாம்" என்றாள்.

"ஹாலில பெரிய திரை இருக்கு. நம்ம கம்பெனி ஆளுங்க எல்லாரும் வராங்க, பழைய ஆளுங்களும்தான். நான் ரெண்டு வார்த்தை பேசறேன். பேசலாம்ல அண்ணி?"

"பேசுங்க. நீங்க பேசாம வேற யாரு பேசுவாங்க?"

*

அவளுக்கு ஆபீசில் வைத்திருந்த பேர் உடைப்பு. புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் மரியாதையாக உடைப்பு மேடம் என்பார்கள். சேமிப்புப் பெட்டிகள் செய்கிற கம்பெனி. மற்றவர்கள் எல்லாம் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுவார்கள். அவள் நாள் முழுக்க உட்கார்ந்து கெடுப்பாள். டிஸ்க்குக்குள் போய் ஓர் இலக்கத்தைத் திருகிவிட்டு வந்து, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று காபியோடு காத்திருப்பாள். கண்டுபிடிக்காவிட்டால் மறுநாள் கூட்டத்தில் அவர்கள் பாடு திண்டாட்டம்.

அவருக்கு வைத்திருந்த பேர் நந்தி. குறுக்கே உட்கார்ந்துகொண்டு எதையும் போகவிட மாட்டார் என்பதால். அவள் திருகியது அத்தனையையும் பிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த எரிச்சலில்தான் அவரோடு பேச ஆரம்பித்தாள். எரிச்சல் தீராமலே கல்யாணம் ஆயிற்று.

அதற்கப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது ஓரகத்தி கேட்டாள், "அப்படி என்னதான் மாமா செய்யறீங்க ரெண்டு பேரும்? இவரும் அதே ஆபீஸ்தான், கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"பெரிய கட்டடம்னு வெச்சுக்கம்மா. ஆயிரம் வீடு. வாசல்ல ஒரு பலகை, யாரு எந்த வீட்டுலன்னு எழுதியிருக்கு. வீட்டுக்கெல்லாம் பூட்டு இருக்கு. பலகைக்கு?"

"பலகைக்கு எதுக்கு மாமா பூட்டு?"

"பலகையில ஒரு நம்பர் மாறிப்போச்சுன்னா? வீடெல்லாம் அப்படியே இருக்கும், ஒரு செங்கல் நகராது. நீ மட்டும் அடுத்தவன் வீட்டுக்குள்ள போய், இதுதான் என் புருஷன்னு உக்காந்துக்குவே."

"ஐயோ" என்று ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதனால பலகையில இருக்கற அத்தனையையும் ஒரு கணக்குப் போட்டு, வர்ற எண்ணை அடியில எழுதி வெச்சிடறது. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மறுபடி அதே கணக்கு. ஒத்துப்போச்சுன்னா உள்ள விடு. போகலைன்னா வாசல்லயே நிறுத்து."

"எது சரியான நம்பர்னு அது சொல்லிடுமா?"

"சொல்லாது. தப்புன்னு மட்டும்தான் சொல்லும்."

"இவ்வளவுக்கும் அவ்வளவுதானா?"

"தப்பைக் காட்டறதைவிட ஒண்ணும் காட்டாம இருக்கறது எவ்வளவோ மேல்" என்றார் அவர்.

கொழுந்தன் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "ஆனா நேரம் எடுக்கும்ல? ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தா பெட்டி ஆமை மாதிரி ஊரும். அண்ணா, அதை அணைக்கறதுக்கு ஒரு ஸ்விட்ச் வெச்சுடு. எதுக்கும் இருக்கட்டும்."

அவன் அப்போதே அண்ணனுக்கு மேலதிகாரி. ஸ்விட்ச் வைக்கப்பட்டது.

வெளியீட்டு நாளன்று காலையில், மேடையில் பெட்டி வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகக் கொழுந்தன் அதை அணைத்தான். கைதட்டல் வாங்கினான். அண்ணன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். திரும்பப் போட மறந்துபோனான். அணைத்தபடியே பெட்டிகள் கப்பல் ஏறின. ஓர் ஆஸ்பத்திரியில் ஒருத்தரின் விவரம் இன்னொருத்தர் பேரில் வந்து, யாருக்கோ கொடுக்க வேண்டிய மருந்து யாருக்கோ ஏறி, அந்த ஆளுக்கு இரண்டு காதும் போயிற்று.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், கொழுந்தன் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்று அழுதான். "மறந்துட்டேன் அண்ணா, சத்தியமா மறந்துட்டேன்." அவள் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். மறப்பது மனுஷ சுபாவம், அதை அவள் மன்னித்திருப்பாள். விசாரணையில் அதே வாய், "அந்தப் பகுதி முழுக்க என் அண்ணன் எழுதினது, சோதனை அண்ணி பண்ணது" என்று சொல்லிற்று. அவரும் அவளும் ஒரே நாளில் வேலை போய் வெளியே வந்தார்கள். அந்தத் தொழிலில் அதற்கப்புறம் யாரும் அவர்களை வாசலில் சேர்க்கவில்லை.

"ஏன் வாயைத் திறக்கலை?" என்று அன்றைக்கு அவரைக் கேட்டாள்.

"அவன் தாங்கமாட்டான்."

"நான் தாங்குவேனா?"

"நீ தாங்குவே."

அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவள் அன்றிலிருந்து தின்றுகொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் கம்பெனி அதே செக்சத்தைக் கட்டாயமாக்கி, ஒருபோதும் பொய் சொல்லாத பெட்டி என்று விளம்பரம் போட்டது. விளம்பரத்தில் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை. பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படித்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவோடு பேசியபோதும் அதேதான்.

"தம்பி வருவான். நீ ஒண்ணும் சொல்லிடாதே."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"என் மேல சத்தியமா?"

"சத்தியமா. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் எதையோ திருகிவிட்டு வந்து நிற்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

*

ஹால் குளிர்ந்து கிடந்தது. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் சவப்பெட்டியில் அவர் படுத்திருந்தார், மூடி போட்டாயிற்று. பக்கத்தில் ஆளுயரத் திரை ஒன்று, மரச்சட்டம் மாதிரி ஓரம் வைத்தது. அதன் அடியில் அவர் பேரும் பிறந்த வருஷமும் போன வருஷமும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். மேலே வெறும் சாம்பல் நிறம்.

கொழுந்தன் ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் நிஜமாகவே சிவந்திருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொண்டாந்தீங்களா அண்ணி?"

"இதுல இருக்கு. நீங்களே ஏத்திக்கங்க. எனக்குக் கை நடுங்குது."

கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கியது. அதுவும் நிஜம்தான்.

முதல் வரிசையில் கம்பி உட்கார்ந்திருந்தார். பழைய ஆள், ஒயர் இழுக்கிற பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், அதனால் கம்பி. இப்போது தலை முழுக்க வெள்ளி. எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார்.

"என்ன உடைப்பு, இப்படி ஆயிடுச்சு."

"ஆயிடுச்சு அண்ணே."

"நந்தி இல்லாம இனிமே கண்டதெல்லாம் உள்ள போகும்."

அவள் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொழுந்தன் பெட்டியைத் திரையோடு இணைத்தான். விசைப்பலகையை ஒரு ஸ்டூலில் வைத்துக் குனிந்து தட்டினான். சாம்பல் நிறத்தின் மேல் ஒரு சிவப்பு வரி வந்தது. அவர் எழுதி வைத்தது, அவர் பேசுகிற மாதிரியே இருந்தது. ஹால் முழுக்கப் படித்தது.

இந்தப் பக்கம் ஒத்துப்போகவில்லை. காட்டமாட்டேன்.

பின்வரிசையில் யாரோ பழைய ஆள் ஒருவர் மெல்லச் சிரித்தார். "செத்துப்போயும் குறுக்க நிக்கறான் பாரு" என்ற குரல் கேட்டது. அந்தச் சிரிப்பில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

கொழுந்தன் திரும்பினான். "அண்ணி, ஒத்துப்போகலைங்குது."

"அப்படின்னா ஒத்துப்போகலைன்னுதான் அர்த்தம்."

"கார்ல வரும்போது தட்டுப்பட்டிருக்கும். எங்கயோ ஒரு பிட் போயிருக்கும், அவ்வளவுதான்."

கம்பி சொன்னார். "விடுங்க சார். படம் இல்லாமலே நடத்திடுவோம். யாரு கேக்கப்போறாங்க?"

"அதெப்படிங்க? அண்ணன் முகத்தைப் பாக்க வேண்டாமா? இத்தனை பேரு வந்து உக்காந்திருக்காங்க."

அவன் விரல்கள் விசைப்பலகை மேலே வந்து நின்றன. அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கியிருந்தாள். தட்டாதே என்று ஒரு மனசு சொல்லிற்று. அவர் குரலாகத்தான் இருக்கும். தட்டாமல் இவன் கையை எடுத்துவிட்டால், இந்த ஒரு தடவை மட்டும் நின்றுவிட்டால், அவள் எழுந்து போய் அரை நிமிஷத்தில் மூன்றை எட்டாக்கிக் கொடுத்துவிடுவாள். எல்லாவற்றையும் விட்டுவிடுவாள். இப்படி அவள் தனக்குத் தானே வாக்குக் கொடுத்திருந்தாள்.

வீட்டுப் பெட்டியில் எதற்கு இன்னும் அந்த ஸ்விட்ச் என்று ஒருமுறை அவரிடம் சண்டை போட்டிருக்கிறாள். "எடுத்தா மொத்தத்தையும் மறுபடி சோதிக்கணும். நீதான் உடைக்கணும். உன் இடுப்பு வலிக்கு இது தேவையா?" என்று சொல்லிவிட்டார்.

கொழுந்தனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. தட்டினான்.

சிவப்பு வரி போயிற்று. பேர்கள் வரிசையாக வந்தன. அதில் அண்ணனின் பேர் போட்ட படத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கித் தலை குனிந்து நின்றான்.

திரையில் கொழுந்தன் வந்தான்.

வெளியீட்டு நாள் கொழுந்தன். மேடையில் மைக்குக்குப் பின்னால், தலை நிறைய முடியோடு, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்பு. அடியில் இறந்தவரின் பேர், பிறந்த வருஷம், போன வருஷம்.

தாமதமாக வந்த யாரோ ஒரு அம்மாள், கண்ணாடி போடாமல் வந்திருப்பாள் போல, நேரே முன்னால் வந்து படத்தைக் கும்பிட்டுவிட்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கொழுந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

விழுந்தடித்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போனான். மூடினான். மறுபடி அண்ணன் பேரைத் திறந்தான். மறுபடி அவனே வந்தான். கட்டைவிரல்.

கம்பி நாற்காலியில் இருந்து எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில்தான் கேட்டார்.

"செக்சத்தைத் தாண்டிட்டீங்களா சார்?"

கொழுந்தன் மறுபடி விசையைத் தட்டினான்.

"ஒத்துப்போகலைன்னு அது சொல்லிச்சே. நாங்க எல்லாரும் படிச்சோம். அணைச்சது யாரு?"

"நான்தான். ஒரு படத்துக்குத்தானே..."

"பேரு ஒருத்தரோடது, உள்ள இருக்கறது இன்னொருத்தர்." கம்பி கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை நான் முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கேன். அந்த ஆஸ்பத்திரியில பெட்டியைக் கழட்டினது நான்தான். நந்தி எழுதினது ஓட்டைன்னீங்க. அவன் எழுதினது ஓட்டையா இருந்தா இன்னிக்கு எப்படிப் பிடிச்சுது?"

ஹாலில் பாதிப்பேர் அந்தத் தொழில்காரர்கள். மீதிப்பேருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்களின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

"சார், அன்னிக்கும் நீங்கதான் அணைச்சீங்களா?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். சமையலறையில் அவள் முதுகைத்தான் பார்த்திருந்தான், இப்போது முகம். அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தியம் செய்திருக்கிறாளே.

"ஆமா" என்றான்.

அது அவனுக்கே கேட்டிருக்காது. அவன் கழுத்துப் பட்டை அசைந்ததை வைத்துத்தான் சொன்னான் என்று தெரிந்தது.

எல்லோருக்கும் கேட்கும்படி அவள் அன்றைக்குப் பேசியது அதற்கப்புறம்தான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

மகள் சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். அவள் அசையவில்லை.

"ஆமா, நான்தான். அணைச்சேன், திரும்பப் போடலை. அண்ணன் மேல..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் எதிர்பாராத ஒன்றைச் செய்தான். ஓடிப்போகாமல் அவள் முன்னால் வந்து குனிந்தான். "அண்ணி, அண்ணன் படத்தைப் போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியும். உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்."

"முடியும்" என்றாள்.

"போடுங்க அண்ணி."

"இருக்கட்டும். அதை மட்டும் எடுத்துடுங்க."

அவன் போய்த் தன் முகத்தைத் தானே அணைத்தான். திரை பழையபடி சாம்பலாயிற்று. சடங்கு முடியும்வரை மரச்சட்டம் காலியாகவே நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலிச் சட்டத்துக்கு முன்னால் நின்று தலை வணங்கிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் நின்று கைகுலுக்க வேண்டியது தம்பி முறை. அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். சிலர் பிடித்தார்கள். கம்பி பிடிக்கவில்லை.

*

காரில் பாதி வழி வந்ததும் மகள் கேட்டாள்.

"அம்மா. நீதானே?"

"என்ன நான்தானே?"

"காலையில உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீயும் பக்கத்துலதானே இருந்தே?"

"அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பாரு."

"இருந்திருந்தா பிடிச்சிருப்பாரு" என்றாள் அவள். "நான் கார்ல ஏறறதுக்குள்ள பிடிச்சிருப்பாரு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று இவள் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, முகம் கூடக் கழுவாமல் உள் அறைக்குப் போய்ப் பெட்டியை இணைத்தாள். ஜன்னல் வழியாக மாலை வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. எண்களுக்குள் இறங்கி மூன்றைக் கண்டுபிடித்து எட்டாக்கினாள். பெட்டி தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டது. எல்லாம் ஒத்துப்போனால் அது எதுவும் சொல்லாது. அவர் அப்படித்தான் எழுதியிருந்தார். பேசாமல் கதவைத் திறந்துவிட்டது.

அவர் வந்தார். சிரித்துக்கொண்டு, சட்டை மேல்பொத்தானைப் போட மறந்து. பக்கத்தில் தம்பி.

சுவரில் மாட்ட ஒன்று வேண்டும். வெட்டுகிற கோட்டை வலது ஓரத்தில் பிடித்து உள்ளே இழுத்தாள். கொழுந்தனின் சிரிப்பு போயிற்று. முகம், கழுத்து, அடையாள அட்டை எல்லாம் போயிற்று. அவர் மட்டும் மிஞ்சினார். அவர் தோள்மேல் நாலு விரல்.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தோளின் ஓரம் போயிற்று, விரல் மூன்றாயிற்று. இன்னும் கொஞ்சம். காதருகில் வந்து கோடு நின்றது. விரல் ஒன்று இன்னும் இருந்தது. அதையும் எடுக்க வேண்டுமானால் அவர் சிரிப்பின் ஓரம் போய்விடும்.

கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். மறுபடி இழுத்தாள்.

"அம்மா, காபி ஆறுது" என்று மகள் கூப்பிட்டாள்.

"வரேன்" என்றாள். வெயில் மேசையை விட்டு இறங்கி அவர் நாற்காலிக்குப் போயிருந்தது. அவள் கை இன்னும் கோட்டின் மேல் இருந்தது.